பாய்ச்சலும் காய்ச்சலும்: தை முதல் பங்குனி வரை கொங்கு வீட்டிலும் தோட்டத்திலும் செய்ய வேண்டியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்குத் தெற்கே, செம்மண்ணும் சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கல்லும் கலந்த பூமியில், ஒரு தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். தை பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கிற கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் வசந்த காலம் என்று ஒன்று இருக்கிறதா?

பஞ்சாங்கப்படி மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். பங்குனி பாதியில் நண்பகலில் ஈரோட்டுத் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், பின்பனி எவ்வளவு என்று தெரிந்துவிடும். நமக்குக் கிடைப்பது பனி இறங்கி வெயில் ஏறுவதற்கு இடையில் எட்டு, பத்து வாரங்கள். அவ்வளவுதான்.

கோவைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் தவணை உண்டு. அவர்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. ஈரோடு இருநூறு மீட்டருக்கும் கீழே. கரூர்ப் பக்கமும் அப்படித்தான். ஆகவே கோவையில் மாசிக் கடைசியில் செய்யும் வேலையைக் காவிரிக் கரையில் இருப்பவர்கள் மாசி நடுவிலேயே முடித்துவிட வேண்டும்.

எந்த வேலை முதலில் என்று குழம்புகிறவர்களுக்கு உழவர்கள் வாயில் புழங்கும் இரண்டு சொற்களே போதும்: பாய்ச்சல், காய்ச்சல். ஈரம் கேட்கிற வேலைகள், அதாவது விதைப்பு, மண் வேலை, பாத்தி, மூடாக்கு (ஈரம் காயாமல் மண்ணை மூடி வைப்பது) எல்லாம் முதலில். வெயில் கேட்கிற வேலைகள், அதாவது கூரை, விரிசல் அடைப்பு, வண்ணம், புளி, மெத்தை எல்லாம் பிறகு. நான் தேதி பார்ப்பதில்லை, திருவிழா பார்க்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையில் போகும்போது விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். மாசியில் கோவையில் கோனியம்மன் தேர் ஓடுவதற்குள் மூடாக்குப் போட்டிருக்க வேண்டும். பங்குனியில் பண்ணாரியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதற்குள், அதாவது தீ மிதிப்பதற்குள், கூரை வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த நாளிலும் கோடை மழை இடியோடு வரலாம்.

பொங்கலுக்கே வெள்ளையடித்தாகிவிட்டது. வீட்டில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

தலைக்கு மேலே பாருங்கள். பொங்கலுக்கு நாம் சுவருக்குத்தான் வெள்ளையடிக்கிறோம், விருந்தாளி பார்ப்பது அதைத்தானே. மொட்டைமாடியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கசிந்தது அங்கேதான், சித்திரையில் அனலை வீட்டுக்குள் இறக்கப் போவதும் அங்கேதான்.

மழையின்போது கசிந்த இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. குறித்து வைக்காதவர்கள் இப்போதும் கண்டுபிடிக்கலாம். மாடியின் தண்ணீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தையில் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பங்குனியில் மாடியில் தண்ணீர் கட்டினால் வீட்டுக்காரம்மா விட மாட்டார், அவர் விடாததும் நியாயம்தான்.

மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் உண்மையிலேயே சூடு குறையுமா?

குறையும். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கருத்துப் பாசி படிந்த சிமென்ட் தளம் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு நம் தலைமேல் இறக்குகிறது. ஆனால் அடிக்கும் முறை தெரிய வேண்டும். அதை நான் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கடைக்காரர் பேச்சை நம்பி விலை கூடிய வெள்ளைப் பூச்சு ஒன்றை வாங்கி, தைப் பனியில் அதிகாலை ஆறு மணிக்கே அடிக்க ஆரம்பித்தோம். தளம் காய்ந்திருப்பதுபோல்தான் தெரிந்தது. விரிசல்களையும் அடைக்கவில்லை, பூச்சே அடைத்துவிடும் என்றார்கள். பங்குனியில் ஒருநாள் மாடிக்குப் போனால், தளம் முழுவதும் வெயிலில் காயவைத்த அப்பளம்போல ஓரம் சுருண்டு எழுந்து நிற்கிறது. ஒன்றை விரலால் தூக்கினேன். அடிப்பக்கம் பாசி, பச்சை மாறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சு சிமென்டைத் தொடவே இல்லை, பாசியின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கொத்தனார் பார்த்துவிட்டு, "அழுக்கு முகத்தில் பவுடர் போட்டிருக்கிறீர்களுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது செய்கிற முறை இது. முதலில் கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டிக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய விடுகிறோம். பிறகு விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, விரிசல் அடைக்கும் பசையால் நிரப்புகிறோம். மயிரிழை விரிசலை மேலாகத் தடவி மூடினால் நிற்காது, வாய் திறந்தால்தான் மருந்து உள்ளே போகும். அதன் பிறகு வெள்ளை: ஐந்து கிலோ தூள் சுண்ணாம்புக்கு ஒரு கிலோ வெள்ளைச் சிமென்ட், கொஞ்சம் வண்ணப் பசை, மோர்ப் பதத்துக்குத் தண்ணீர். இரண்டு முறை, ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்குள் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் மாவாக உதிர்ந்துவிடும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அடித்து, மறுநாள் காலையில் லேசாகத் தண்ணீர் தெளிப்பது நல்லது.

கல் சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால் குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

எங்களுடையது ஓட்டு வீடு. ஓடு மாற்ற எது நல்ல சமயம்?

மாசி. பனி ஈரம் குடித்த ஓடு மேலே ஏறுபவரை வழுக்கிவிடும். பங்குனி வெயிலில் ஓட்டின்மேல் உட்காரவே முடியாது. நாட்டு ஓடாக இருந்தால் முழுவதையும் இறக்கி, குப்பையைத் தட்டி, உடைந்ததைக் கழித்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கிடைத்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சீமை ஓடு என்றால் உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். இறக்கும்போதே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'தொப்' என்று கேட்டால் உள்ளே கரையான் இருக்கிறது என்று அர்த்தம்.

கூரை உச்சியில் இருக்கும் மோட்டு ஓடுகளின் சாந்து பெயர்ந்திருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். கோடை மழை வருகிறபோது காற்று முதலில் பிடிப்பது மோட்டைத்தான்.

தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவுவது?

இப்போதே. கோடையில் கழுவத் தண்ணீர் இருக்காது. மேல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் தூள் கரைத்த தண்ணீரை அரை மணி நேரம் விட்டு வடித்துவிடுங்கள். ஆயிரம் அடி ஆழ்குழாய்த் தண்ணீர் புழங்கும் வீடுகளில் தொட்டிச் சுவரில் வெள்ளைப் பொறுக்குப் படிந்திருக்கும். அது அழுக்கு அல்ல, சுண்ணாம்பு உப்பு.

தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். மூடியை முதல்நாளே திறந்து வைத்து, மேலே ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போதுதான் இறங்க வேண்டும். பழைய கிணறுகளுக்கும் இதுவே. காற்றோட்டமில்லாத குழிக்குள் மூச்சுக்கு ஆகாத வாயு தங்கியிருந்தால் இறங்கியவருக்குக் கத்தக்கூட நேரம் கிடைக்காது.

தைப்பட்டத்தில், அதாவது தை மாத விதைப்புப் பருவத்தில், வீட்டுத் தோட்டத்தில் என்ன போடலாம்?

ஆடிப்பட்டத்துக்குப் பழமொழி இருக்கிறது, தைப்பட்டத்துக்கு இல்லை. அதனாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வெயிலைத் தாங்குபவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, தர்பூசணி. கீரை எப்போதும் வரும், ஆனால் பங்குனிக்கு மேல் மேற்கு வெயிலை மறைக்க நிழல்வலை வேண்டும். வலையைத் தலைக்கு மேலே மட்டும் கட்டுகிறார்கள். மாலை மூன்று மணி வெயில் பக்கவாட்டில்தான் வருகிறது. வலை ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேற்குப் பக்கம் தொங்க விடுங்கள் என்பேன்.

தக்காளியை இப்போது புதிதாக நட வேண்டாம் என்பது என் கருத்து. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும், அது இலைச்சுருட்டு நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டு போகும். சுருண்ட செடி தேறாது. நட்டே தீருவேன் என்பவர்கள் இரண்டு செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மனது அதிகம் வலிக்காது.

மார்கழிப் பனியில் காய்த்துக் கொட்டிய அவரைக்கொடி மாசியில் களைத்துப் போயிருக்கும். பிடுங்கிப் போடுவதற்கு முன் நெற்று முற்றிய பத்துக் காய்களை விதைக்கு எடுத்துவிடுங்கள். மொச்சையும் துவரையும் சேமிப்பவர்கள் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்து வைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். மண் பூசிய பருப்பில் வண்டு முட்டையிட இடம் கிடைக்காது.

கறிவேப்பிலைக் கொழுந்து வெளுத்துப் போகிறது. எவ்வளவு எரு போட்டும் பச்சை பிடிக்கவில்லையே?

ஆண்டுதோறும் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எரு குறைவாக இருந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து மட்டும் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. இரும்பு மண்ணில் இல்லாமல் இல்லை. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தானே. சுக்கான் கல் கலந்த மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, அது இரும்பை வேருக்கு எட்டாமல் கட்டிப்போட்டுவிடுகிறது. அதே உப்புள்ள ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கட்டு இன்னும் இறுகுகிறது. நாம் செடி வாடுகிறது என்று மேலும் ஊற்றுகிறோம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு பிடி மண்ணைக் காயவைத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோங்கள். 'சுர்' என்று சோடாப் பாட்டில் திறந்ததுபோல நுரைத்தால், உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் பொடக்காளி (கொல்லைப்புறம்) மண் கரண்டி அளவு சாற்றுக்கே பொங்குகிறது. முன்வாசல் மண் நுரைப்பதே இல்லை. இரண்டுக்கும் இடையில் இருபது அடிதான்.

மருந்து, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி. உரக்கடையில் இரும்பு சல்பேட் என்று கேட்டாலும் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலத்தில் இலை நனையத் தெளியுங்கள், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தெளித்த இலையைச் சில நாள் சமையலுக்குப் பறிக்காமல் விடுங்கள், பிறகு கழுவிப் பயன்படுத்துங்கள். டைல்ஸ் பதித்த முற்றத்தில் தெளிக்கிறவர்கள் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். துருக்கறை பிடித்தால் போகவே போகாது. நான் சொல்லாமல் விட்டு, என் மைத்துனர் வீட்டு முன்வாசலில் இன்னும் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது.

மல்லிகையை இப்போது கவாத்து செய்யலாமா?

கூடாது. அது கார்த்திகையில் செய்ய வேண்டிய வேலை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டியவர்களுக்கு இப்போது துளிர் தழைத்திருக்கும், மார்ச்சில் மொட்டுக் கட்டும். சத்தியமங்கலத்துப் பூ வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தவறவிட்டவர்கள் காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி இவற்றை மட்டும் கழித்துவிட்டு, மட்கிய எரு வைத்துத் தண்ணீர் கட்டுங்கள். இப்போது மொட்டையடித்தால் பூ பூக்க வேண்டிய கோடையெல்லாம் செடி இலை விட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டில் நான்கு தென்னை இருக்கிறது. கோடைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். மரத்துக்கு நூறு மட்டை வரை பிடிக்கும். மட்டை இல்லையென்றால் பதினைந்து காய்ந்த ஓலை, அதுவும் இல்லையென்றால் நான்கு விரற்கடை உயரத்துக்கு நார்க்கழிவு. பாத்தியில் ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடுவது காலிப் பானைக்கு மூடி போடுவது மாதிரி.

பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளில் கிடைக்கும் புது நார்க்கழிவில் உப்பு உண்டு. தென்னைக்கு அது பெரிய குறையில்லை, தொட்டிச் செடிக்கு ஆகாது. இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து தெளிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு வட்டம் வட்டமாக இருக்கிறதா? மேல் ஓலை கரி பூசியதுபோல் இருக்கிறதா? சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் இது முதலில் தென்பட்டதே 2016-இல் பொள்ளாச்சியில்தான். மழை நின்று வறட்சி தொடங்கியதும் பெருகும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றுவிடும் என்கார்சியா என்ற சிறு குளவி ஒன்று இருக்கிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். குட்டை மரமென்றால் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு இடையில் தொங்க விடுங்கள். ஓலையில் கரிபோல் படியும் கரும்பூசணத்துக்கு மைதா: லிட்டருக்கு 25 கிராம் போட்டுக் காய்ச்சி, ஆறியதும் தெளித்தால், காய்ந்து உரியும்போது கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். பரோட்டா மாவுக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விதைத்ததையெல்லாம் மயில் கொத்திவிடுகிறது. என்ன செய்வது?

சகித்துக்கொள்வது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, தொட முடியாது. பளபளக்கும் நாடா கட்டினால் முதல் மூன்று நாள் பயப்படும், நான்காம் நாள் அதன் பக்கத்திலேயே நின்று தோகை விரிக்கும். விதைப் பாத்தியின்மேல் ஒரு சாண் உயரத்தில் வலை கட்டுவது ஒன்றுதான் உருப்படியான வழி. செடி ஆறு இலை விட்டதும் எடுத்துவிடலாம். வேலியில் கிளுவைச் செடி விழுந்து சந்து விட்டிருந்தால் இப்போதைக்கு முள் வெட்டி அடையுங்கள், போத்து (கிளைத் துண்டு) நடுவதை மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்குக் கூரையில் காப்பாகக் கட்டிய பூளையும் வேப்பிலையும் காய்ந்துவிட்டன. எடுத்துவிடலாமா?

எங்கள் வீட்டில் அடுத்த காப்பு வரை அப்படியே இருக்கும். ஓடு மாற்றும்போது விழுந்தால் விழுந்ததுதான்.

பையில் வளர்த்த மஞ்சளை எப்போது எடுப்பது?

வைகாசியில் வைத்திருந்தால் ஒன்பது மாதம் கணக்குப் போடுங்கள், மாசி வரும். இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிட வேண்டும். முதல்நாள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பையைக் கவிழ்த்துக் கொட்டினால் உடையாமல் வரும். தாய்க்கிழங்கில் நல்லதைத் தனியே எடுத்து, நிழலில் காய்ந்த மஞ்சள் இலையால் மூடி வையுங்கள். அடுத்த வைகாசிக்கு விதை அதுதான்.

மழைநீர்ச் சேகரிப்புக் குழியைக் கோடையில் கவனிக்க வேண்டுமா?

கோடையில்தான். 2003-இல் அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குழியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மேலுள்ள மணலையும் சல்லியையும் வாரி அலசிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அரைநாள் வேலை.

புளியை வீட்டிலேயே பக்குவம் செய்வது எப்படி?

தை முதல் பங்குனி வரை புளி உலுக்கும் காலம். ஒரு ஆண்டுக்கான புளியை வாங்கி வீட்டில் தட்டி வைப்பது இன்னும் நம் பக்கம் விட்டுப் போகாத வேலைகளில் ஒன்று. பழத்தை இரண்டு நாள் வெயிலில் போட்டால் ஓடு நொறுங்கிக் கழன்றுவிடும். பிறகு கொட்டை. என் அத்தை திண்ணையில் ஒரு தட்டைக் கல்லை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, புளியை நிறுத்திப் பிடித்து, சின்னச் சுத்தியலால் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். பழம் வாய் பிளக்கும், கட்டைவிரல் உள்ளே போகும், கொட்டைகள் முறத்தில் விழும். நான் தட்டினால் கொட்டையும் உடைந்து புளியோடு கலந்துவிடும். "நீ கோபத்தில் தட்டுகிறாய் கண்ணு, அது என்ன செய்தது உன்னை?" என்பார்.

கொட்டை எடுத்த புளியை, நார் உருவி, மீண்டும் ஒருநாள் வெயிலில் வையுங்கள். காய்ந்த மண்பானையில் ஒரு அடுக்குப் புளி, மேலே ஒரு பிடி கல் உப்பு, மறுபடி புளி என்று கையால் அழுத்தி நிரப்புங்கள். இடைவெளி விட்டால் பூச்சி வரும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அதை அரித்துவிடும். வாயை வெள்ளைத் துணியால் கட்டி அட்டாலியில் (பரணில்) ஏற்றிவிடலாம். அதற்கு முன் அங்கே இருக்கும் போன ஆண்டுப் பானையைக் கீழே இறக்க வேண்டும். ரசத்துக்கு அந்தக் கருத்த புளிதான், புதுசு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.